பொம்மைக் கண்

தகரக் கொட்டகைக்குள் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து, வரிசையாக வைத்திருக்கும் நீளப் பெட்டிகளின் மேல் கிடக்கிறது. பூமியில் துளை போட்டு எடுத்த மண், உருளை உருளையாக அவற்றில் படுத்திருக்கிறது. நிலவியல் பொறியியல் படித்துச் சுரங்கக் கம்பெனியில் சேர்ந்திருக்கும் வினோலியா, முதன்முதலாகத் தன் அம்மாவை வேலையிடத்துக்குக் கூட்டி வந்திருக்கிறாள். "இது மேல்மண்ணும்மா, இது களி. இதுக்கும் கீழதான் கரி இருக்குது." தலையில் மஞ்சள் தொப்பியோடு மகள் பேசுவதைப் பார்க்கப் பார்க்க ரெஜினாவுக்கு மனசு நிறைந்து போகிறது. ஆசையாகக் குனிந்து மேல்மண்ணைத் தொடுகிறாள். நகத்தில் ஏதோ நெருடுகிறது. கிள்ளி விலக்கினால் ஒரு பீங்கான் சில்லு. அதில் ஒரு நீலக் கண், ஓரத்தில் மேல்நோக்கிச் சுழித்த இமை. விருத்தாசலத்துச் சூளைகளில் பொம்மைக்கு அப்படி இமை தீட்டுவது அவள் ஒருத்திதான். உடைந்த பொம்மைகளைச் சாக்கில் அள்ளிவந்து, மழையில் டிராக்டர் புதையாமலிருக்கத் தன் முந்திரிக்கொல்லைப் பாதையில் கொட்டியதும் அவள்தான். கம்பெனிக்காரங்க நம்ம கொல்லைப் பக்கமே வரமாட்டாங்க என்று மாதா மேல் சத்தியம் பண்ணியது இந்த மகள்தான். வெளியே துளைபோடும் எந்திரம் இருமி இருமி நிற்கிறது. "என்னையும் ஒங்கப்பாவையும் வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வாங்கன்னு பஸ்ஸு ஏத்திவுட்டியே, அன்னிக்கா நம்ம கொல்லையில தொளை போட்டாங்க?" வினோலியா தொப்பியின் வாரை இறுக்குகிறாள், தளர்த்துகிறாள். ரெஜினா சில்லை முந்தானையில் துடைத்து, அதிலேயே முடியப் போகிறாள். மகளின் கை குறுக்கே நீள்கிறது. "அத வச்சிடும்மா. அது கம்பெனியோடது."