நங்கூரம் போட்ட படகு

மெர்லின் படகை நோக்கித்தான் நீந்துகிறாள், ஆனால் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறாள். பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் எங்கள் படகு நங்கூரத்தில் நிற்கிறது; தண்ணீர் மட்டும் கடலுக்கு ஓடுகிறது. "இன்னா, வெளையாடிக்கினு இருக்கியா? சீக்கிரம் வா!" என்கிற ஜீவாவின் குரல் உடைகிறது. அவள் கழற்றிக் கொடுத்த வாட்ச் அவன் கையில். "நம்ம வடக்கனந்தல் ஊர்க் கெணத்துல இவள மாதிரி எவளும் குதிக்க முடியாது" என்று சற்றுமுன் சொன்னவன், என் பக்கம் திரும்பவேயில்லை. அதே கிணற்றில் அவளுக்கு முன்பே நீந்தியவள் நான். கிணற்றில் எங்கே குதித்தாலும் படிக்கட்டு பக்கத்திலேயே இருக்கும். இங்கே அப்படியில்லை என்று படகுக்காரர் என்னிடம் சொல்லியிருந்தார்: "தண்ணி கடலுக்கு எறங்குற நேரம்மா. யாரும் குதிக்க வாணாம்னு சொல்லிடு." மெர்லின் குதிப்பதற்காகத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கும்போது நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். படகுக்காரர் கயிறு கட்டிய மிதவையை வீசுகிறார். வெயிலில் மஞ்சளாக மிதந்துபோகிற அதை மூன்றாவது வீச்சில்தான் அவள் விரல்கள் பிடிக்கின்றன. மேலே இழுத்துப் போட்டதும் இருமி இருமி உப்புத்தண்ணீரைக் கக்குகிறாள். ஜீவா கை நீட்டுகிறான்; அவளோ என் கையைத் தேடிப் பிடிக்கிறாள். "தண்ணி இப்டி இழுக்கும்னு ஒனக்குத் தெரியுமாடி?"