எட்டாம் பாடம்

ஆசிரியை பலகையில் ‘இறந்தகாலம்’ என்று எழுதினார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு வேர்த்துக் கொட்டியது.

வெளிநாட்டு அரசு ஒன்று தன் மொழியையும் பண்பாட்டையும் பரப்ப நடத்தும் நிலையம் அது. சுவரில் அந்த நாட்டு மலை, அந்த நாட்டு ரயில். அவற்றின் கீழே ஓர் அட்டை: ‘வகுப்பில் தாய்மொழி பேசக் கூடாது.’

அந்த அட்டை புண்ணியத்தில்தான் அவருடைய குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் கல்யாணத்தில், அந்த நாட்டிலிருந்து வந்திருந்த சம்பந்திகளிடம் மனைவியைக் காட்டி, “இவளுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் நான்தான்” என்று சொல்லித் தொலைத்தார். பக்கத்திலிருந்தவர் மொழிபெயர்க்க, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். ஐந்து மாதமாக வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

சம்பந்திகளிடம் நாலு வார்த்தை பேச வேண்டாமா என்று மகள் இருவரையும் இங்கே சேர்த்துவிட்டாள். மனைவி முதல் பெஞ்ச், அவர் கடைசி. விஷயம் தெரியாத ஆசிரியை, உரையாடல் பயிற்சிக்கு அவர்களையே ஜோடி சேர்த்தார்.

“உங்களுக்குத் தேநீர் பிடிக்குமா?” என்று அவள் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டாள். மிகவும் பிடிக்கும் என்றார். முப்பது வருஷத்தில் அவர்கள் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டதே இல்லை.

ஏழாம் பாடம்வரை நிகழ்காலம்தான். நிகழ்காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கெட்டிக்காரியாலும் பழைய சண்டையைக் கிளற முடியாது.

ஆனால் வகுப்பில் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். ஒன்றும் தெரியாதவளுக்கு!

போன வகுப்பு முடிந்ததும் ஆசிரியையைத் தாழ்வாரத்தில் மடக்கினார். “எட்டாம் பாடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன், மேடம். அந்தம்மா என் சம்சாரம். அவளுக்கு இறந்தகாலம் வந்துட்டா நான் தொலைஞ்சேன்.”

பாடத்திட்டம் தலைமையகத்தில் போட்டது, ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்த முடியாது என்று ஆசிரியை கையை விரித்துவிட்டார்.

இதோ, வாக்கியம் சொல்ல யார் வருகிறீர்கள் என்று கேட்கிறார்.

அவள்தான் எழுந்தாள். வேறு யார்? திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அவர் புத்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

“என் கணவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது.”

வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. இலக்கணத்தில் அவர் கண்டிப்பானவர்.

“இருந்ததா, இருக்கிறதா? யோசித்துச் சொல்லுங்கள்.”

அவள் யோசித்தாள். நிதானமாகவே யோசித்தாள்.

“இருந்தது.”

கடைசி பெஞ்சில் அவர் அவசர அவசரமாகப் புத்தகத்தின் பின்பக்க வினைச்சொல் அட்டவணையைப் புரட்டினார். இரண்டு முறை வரி தப்பியது. மூன்றாம் முறை அந்தச் சொல் அகப்பட்டது.

இறந்தகாலம்தான்.