காது பொத்துகிறவள்

கல்குவாரியில் வெடி வைப்பதற்கு முன் விசில் ஊதுவார்கள். அதைக் கேட்டதும் பூங்காவனம் ஜல்லிக்கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து, புருசன் கொளஞ்சியின் காதுகள் இரண்டையும் உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். வெடியில் பாறை சரிந்து, கூட வேலை செய்தவர்கள் அவன் கண்ணெதிரே புதைந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். அந்த நேரத்தில் அவனுக்கு அவளைத் தவிர வேறு உலகம் கிடையாது.

இப்போது பயம் தணிய டவுன் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த கஞ்சா எண்ணெய் சீசா வந்துவிட்டது. முன்கூட்டியே நாக்கடியில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு, வெடிச் சத்தத்துக்கு நடுவே அவன் பாட்டுக்கு வெங்காயம் உரிக்கிறான். ஓடிவந்து நிற்பவளைப் பார்த்து, "நீ ஏன் மூச்சிரைக்க வர? மேஸ்திரி கூலியப் புடிச்சிடப் போறான்," என்கிறான்.

"இன்னாடி, உன் புருசனுக்குப் புதுசா ஒருத்தி கெடச்சிட்டாளாமே. சீசாவுக்குள்ளயே குடித்தனமாம்," என்று ஜல்லி உடைக்கும் மங்காத்தா சிரித்தாள். பூங்காவனத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சீசாவை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள். விசில் ஊதியதும் ஓடிவந்தாள். அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் மண்டியிட்டுத் தலையைக் கொடுத்தான். ஆசை தீரப் பொத்திக்கொண்டாள். கைகளுக்குள் அவன் தாடை கிடுகிடுவென்று ஆடியது. பல்லோடு பல் மோதியது. இத்தனை நாளும் இந்த நடுக்கத்தையா பிரியம் என்று நினைத்திருந்தோம்?

ஒரு கையை எடுத்து சீசாவை உருவி, மூடியைப் பல்லால் திருகினாள்.

"வாயத் தொற," என்றாள்.

அவன் சீசாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.