தம்பிக்காக ஒரு நடை

"போதும், பையை இறக்கி வை. இதுக்கு மேல ஏறினா முட்டி கழண்டுடும்."

ஏழாவது மாடிப் படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான் லிஃப்ட் மெக்கானிக். மனைவி நிற்கவில்லை. அவள் முதுகுப்பையில் பதினைந்து கிலோ இரும்பு.

"இன்னும் ரெண்டு மாடிதாங்க. எழுந்திருங்க."

ஊரையே நோகாமல் மேலே ஏற்றுகிறவன், மூன்று மாதமாகப் பெண்டாட்டி பின்னால் படியேறிப் பாதி ஆளாகியிருந்தான். அவளோ ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் ஈரப் போர்வைகளை உதறிவிட்டு வந்து, உட்காரக்கூடச் செய்யாமல் பையைத் தோளில் மாட்டிக்கொள்வாள்.

தீக்காயம் பட்ட குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்ட, அந்த ஆஸ்பத்திரி வருடா வருடம் மலையில் ஐந்து நாள் நடைபயணம் நடத்தும். பதினைந்தாயிரம் அடி. மூச்சுக்கே பஞ்சமான உயரம்.

போன வருடம் மெக்கானிக்கும், அவளுடைய ஒரே தம்பியும் போனார்கள். மூன்றாம் நாள் பனிமூட்டத்தில் இருவரும் கூட்டத்தைத் தவறவிட்டார்கள். தம்பிக்குத் தலைவலி, வாந்தி. மறுநாள் மெக்கானிக் மட்டும் திரும்பி வந்தான். தம்பியின் உடலும் பையும் பின்னால் வந்து சேர்ந்தன.

"என் மடியிலதான் தலை வச்சிருந்தான். அக்கா அக்கான்னு சொல்லிக்கிட்டே கண்ணை மூடிட்டான்" என்று அவன் அழுதபோது கேட்டவர்களெல்லாம் அழுதார்கள். கடைசிவரை மச்சானை விட்டு நகராத மனுஷன் என்று, ஆஸ்பத்திரியில் மேடையேற்றிப் பேசினார்கள்.

அதற்குப் பிறகு அவள் வாய் திறப்பதே குறைந்துபோயிற்று. இந்த வருட விண்ணப்பம் வந்தபோது மட்டும், அவனைக் கேட்காமலே இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"அந்த மலையை மறுபடி பாக்கிற தெம்பு எனக்கு இல்லம்மா" என்றான் அவன்.

"அவன் பாதியில விட்டதை நான் நடந்து முடிக்கணும். பக்கத்துல நீங்க இருந்தாத்தான் எனக்குத் தைரியம்."

இதற்கு மேல் எந்தப் புருஷன் மாட்டேன் என்பான்?

ஏறுவது மட்டுமல்ல, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். மெதுவாக நட. பேசி மூச்சை வீணாக்காதே. தலை வலித்தால் அந்த நிமிடமே கீழே இறங்கு. தாமதித்தால் உயிர் போகும். வாய்ப்பாடு போல ஒப்பிப்பாள்.

நடைபயணத்துக்கு முந்தைய நாள், மலை முகாமிலிருந்து கடைசிப் பயிற்சி ஏற்றம். மதியத்தோடு மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள்.

"அந்த மேடு வரைக்கும் போயிட்டு வந்துடலாங்க" என்று அவள்தான் அழைத்துப் போனாள்.

மேடு வந்தது. அதற்கப்புறம் இன்னொரு மேடு. பனிமூட்டம் இறங்கி, வந்த பாதை மறைந்தது. மெக்கானிக்குக் கால் பின்னியது. இரண்டு முறை வாந்தி எடுத்தான்.

"தலை வெடிக்குதும்மா. கண்ணு இருட்டுது. என்னைக் கீழே கூட்டிட்டுப் போயிடு. உனக்குத்தான் தெரியுமே, உடனே இறங்கணும்."

அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அவனைப் பாறையில் சாய்த்து உட்கார வைத்தாள். வாயைத் துடைத்தாள். குளிர்ச்சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஒரு வருடமாகக் காணாத அந்தக் கரிசனத்தில் அவனுக்குக் கண் கலங்கியது.

"இப்படியே சாஞ்சிருங்க. தூங்கிடாதீங்க" என்று எழுந்தாள். "தண்ணி எடுத்துக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

அவன் முகம் வெளிறியது. பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதே!"

"போன வருஷம் அவன்கிட்ட நீங்க சொன்னதைத்தாங்க நானும் சொல்றேன்." அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள் அவள். "தண்ணி எடுக்கப் போன மாமா விடிஞ்சும் வரலை அக்கான்னு, தன் போன்ல பேசிப் பதிஞ்சு வச்சிட்டுத்தான் என் தம்பி செத்தான்."