ஸ்கேனர் சொன்ன சாட்சி

மூன்றாவது அடி ஆல்வினின் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவனைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"சத்தியமா நான் மிதிக்கலண்ணா. வண்டி தானா பாஞ்சிடுச்சி," என்று தரையில் கிடந்தபடி கதறினான். பேசும்போதே ரத்தத்தோடு ஒரு பல்லும் வெளியே வந்து விழுந்தது.

"தானா பாஞ்சிச்சா? என் பொண்டாட்டி மேல தானா ஏறிச்சா?" பச்சையப்பன் இரும்பு ராடை மறுபடியும் ஓங்கினான்.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியில் சாப்பாட்டு பெல் அடித்தது. கேட்டை விட்டு வெளியே வந்த வள்ளியம்மாளை ஆல்வினின் பழைய வெள்ளைக் கார் இடித்து, மதில் சுவரோடு வைத்து நசுக்கியது. தொடை எலும்பு வெளியே தெரிய, நினைவில்லாமல் கிடந்தவளை ஆம்புலன்ஸ் வேலூருக்குக் கொண்டுபோனது.

அதே கம்பெனியில் வேலை பார்க்கும் கணவன் பச்சையப்பன் ஆம்புலன்ஸில் ஏறவில்லை. லோடு இறக்கும் இடத்துக்குப் போய் ராடை எடுத்துக்கொண்டு வந்தான்.

இப்போது அவனுக்குப் பின்னால் அறுபது பேர் நின்றார்கள். சிலர் கையில் கல் இருந்தது. "முடிச்சிடு பச்ச, நாங்க பாத்துக்கறோம்," என்றது ஒரு குரல்.

நாலாவது அடி ஆல்வினின் தலைக்கு வந்தது. குறுக்கே ஒரு கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது.

எதிர்ப்பக்கம் கார் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் ஷபீ அஹமதின் கை அது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆல்வினுக்கு முன்னால் மண்டியிட்டார்.

"தள்ளு பாய். ஒனக்கும் விழும்."

"அடி. வேணான்னு சொல்லல. ஆனா இவன் சொல்றது நெசமா பொய்யான்னு தெரிஞ்சிக்கினு அடி," என்றார் ஷபீ. "எஞ்சின் கம்ப்யூட்டர்ல எல்லாம் பதிவாகும். கோளாறு இருந்தா கோட் நம்பர் காட்டும். எங்கிட்ட ஸ்கேனர் இருக்கு. அஞ்சு நிமிஷம் குடு. இவன் மிதிச்சிருந்தா நானே இவன் கையப் புடிச்சிக்கிறேன், நீ அடி."

"ஆமாண்ணா. எங்க மேனேஜர் காருக்கு அந்த மிஷின் மாட்டித்தான் பாத்தாங்க. பொய் சொல்லாது," என்றாள் கட்டிங் செக்ஷன் தூபா.

பச்சையப்பன் ஆல்வினின் கழுத்தில் காலை வைத்தான். "அஞ்சே நிமிஷம்."

ஷபீ கடைக்கு ஓடிப்போய் ஸ்கேனரை எடுத்து வந்தார். இரண்டு கிளிப்புகளை பேட்டரியில் மாட்டிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். டேஷ்போர்டில் வெளியே இழுத்தபடி நின்ற சோக் குமிழை உள்ளே தள்ளினார். பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டார்.

பச்சையப்பனின் காலுக்குக் கீழே ஆல்வின் மூச்சுக்குத் திணறினான்.

திரையில் நீல வெளிச்சம் வந்தது. ஷபீ அதை மடியில் சாய்த்து வைத்து, பட்டனை மாற்றி மாற்றி அழுத்தினார்.

"இன்னா காட்டுது?"

"இரு." நெற்றி வியர்வையைத் துடைத்தார். "பி இருபத்தொண்ணு முப்பத்தெட்டு. ஆக்சிலேட்டர் சென்சார் போயிடுச்சி. கால எடுத்தாலும் வண்டி நிக்காது. அவன் சொன்னது நெசந்தான்."

"பொய் சொல்லாத பாய்."

"நானா சொல்றேன்? மிஷின் சொல்லுது."

பச்சையப்பனின் கால் மெதுவாகக் கழுத்திலிருந்து இறங்கியது. கையில் இருந்த ராடையும், ரத்தமாகக் கிடந்தவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ நான் யார அடிக்கிறது?"

ஷபீ காரைவிட்டு இறங்கி விலகியதும் பச்சையப்பன் ராடைச் சுழற்றி முன் கண்ணாடியில் இறக்கினான். அடுத்த நொடி அறுபது பேரும் அந்தக் காரின் மேல் பாய்ந்தார்கள். கல் பறந்தது, கதவு பிய்ந்தது. வண்டியைத் தூக்கிக் கவிழ்த்தார்கள்.

அந்தக் களேபரத்தில் ஷபீ ஆல்வினை அக்குளில் கைகொடுத்துக் கடைக்குள் இழுத்துப்போட்டு ஷட்டரை இறக்கினார்.

கவிழ்ந்த காரை அடித்துக்கொண்டிருந்த பச்சையப்பனிடம் தூபா போனை நீட்டினாள். "வள்ளி கண்ணத் தொறந்துட்டாளாம். ஒன்னத்தான் கேக்குறாளாம்."

ராடு அவன் கையிலிருந்து நழுவியது. கிடைத்த பைக்கின் பின்னால் ஏறி வேலூருக்குப் போனான். அவன் போனதும் கூட்டமும் ஒவ்வொருவராகக் கலைந்தது.

போலீஸ் ஜீப் வந்தபோது ரோட்டில் கவிழ்ந்த காரும் கண்ணாடித் தூளும்தான் கிடந்தன. எஸ்.ஐ. ஷர்மிளா ஷட்டரைத் தூக்கச் சொல்லி, ஆல்வினை இரண்டு கான்ஸ்டபிள்களோடு ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கேனர் விஷயம் அதற்குள் அவர் காதுக்கு வந்திருந்தது. நோட்டையும் பேனாவையும் நீட்டினார்.

"பாய், நீங்க மட்டும் இல்லன்னா இன்னிக்கி ஒரு கொலை விழுந்திருக்கும். அந்தக் கோட் நம்பர எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. வண்டிக் கோளாறுன்னு ஆயிடுச்சின்னா கேஸே வேற. கோர்ட்ல நீங்கதான் சாட்சி."

ஷபீ அஹமது பேனாவை வாங்கவில்லை. ஆல்வினை ஏற்றிய ஆம்புலன்ஸ் பைபாஸ் ஏறி மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மேடம், அது சோக் வெச்ச பழைய வண்டி. அந்தக் கார்ல கம்ப்யூட்டரே கெடயாது."