கவிழ்த்த சீட்டு

லேப்டாப்பில் இடம் இல்லை என்று மறுபடியும் செய்தி வந்தபோது டிங்-யாவ் சமையலறையில் இறால் உரித்துக்கொண்டிருந்தான்.

"கையெல்லாம் நாத்தம். என்னோடதுல பழைய ஆட்டத்தையெல்லாம் நீயே அழிச்சிடு," என்று அங்கிருந்தே மனைவிக்குக் குரல் கொடுத்தான். "பத்தலைன்னா சாப்பிட்டப்புறம் உன்னோடதை நான் பார்த்துக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் ஸு-லின் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இணையத்தில் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுவது டிங்-யாவுக்குத் தொழில். ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும், எந்த எதிராளி எப்போது பாய்வான், எப்போது பதுங்குவான் என்பதையும் ஒரு மென்பொருள் சேர்த்து வைக்கும். சேர்த்துச் சேர்த்து அது கொழுத்துப்போய், லேப்டாப்பில் மூச்சுவிட இடமில்லாமல் செய்துவிட்டது. சாயங்காலம் பெரிய போட்டி இருந்தது. இடம் இல்லையென்றால் மென்பொருள் நின்றுவிடும், அது நின்றால் அவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுவதாகத்தான் அர்த்தம்.

கல்யாணத்துக்கு முன்பு ஸு-லினும் ஆடியவள்தான். அவளுடைய பழைய ஆட்டங்களும் சீதனம் மாதிரி அதே லேப்டாப்பில் தனி டேட்டாபேஸாக வந்து உட்கார்ந்திருந்தன.

இந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. நம்முடைய சீட்டு மட்டும்தான் அதற்குத் தெரியும். தோல்வியை ஒப்புக்கொண்டு எதிராளி காட்டாமல் கவிழ்த்த சீட்டு அந்த எதிராளியின் டேட்டாபேஸில்தான் இருக்கும்.

ஸு-லின் கவிழ்த்த சீட்டு ஒன்று அவளுடையதில் இருந்தது.

இன்றைக்கு அவள் தம்பி கட்டிக்கொள்ளப்போகும் பெண், வான்-ரூ, முதல்முறையாகச் சாப்பிட வந்திருந்தாள். கீலுங் நகரத்து மழையில் நனைந்து வந்தவள் குடையை மடக்கிச் சமையலறைக்கு வருவதற்குள் டிங்-யாவ் ஆரம்பித்துவிட்டான். இந்த வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அந்தக் கதையைக் கேட்காமல் சோறு கிடையாது.

"அப்ப நானும் உங்க அண்ணியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததுகூட இல்லம்மா. அவ்வளவு பெரிய போட்டியில கடைசியா மிஞ்சினது நாங்க ரெண்டே பேரு..."

அவனிடம் இருந்ததோ கொஞ்சம் பந்தய வில்லைகள். கையில் ஏழும் இரண்டும், எதற்கும் உதவாத சீட்டு. வெறும் உதாரில் மொத்தத்தையும் தூக்கி நடுவில் வைத்தான். எதிரே இருந்தவள் பயந்துபோய்க் கவிழ்த்துவிட்டாள். அங்கிருந்து எழுந்தவன் போட்டியையே ஜெயித்தான். அந்தத் தெம்பில்தான் தொழிற்சாலை வேலையை உதறினான். அந்தத் தெம்பில்தான் அவளை நேரில் பார்க்கலாமா என்றும் கேட்டான்.

கதை இவ்வளவுதான். இதை மாமனாரிடம் சொல்லியிருக்கிறான், கல்யாண விருந்தில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறான், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்.

ஸு-லின் அன்று கவிழ்த்தது மூன்று ராஜா.

கையில் இரண்டு, இருவருக்கும் பொதுவாக நடுவில் விரித்திருந்ததில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு அவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆட்டம் முடிந்தால் பக்கத்தில் இருந்த அரட்டைப் பெட்டியும் மூடிவிடும். ரொம்ப நேரமாக அவன் அதில் எதையாவது எழுதி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் பேசட்டுமே என்று கவிழ்த்தாள். என்ன வைத்திருந்தாய் என்று அவன் கேட்டதற்கு, சின்ன ஜோடி என்று புளுகினாள்.

பிறகு ஒருநாள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கதை சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தவளுக்கு அதற்கு மனசு வரவே இல்லை. அந்த ஜெயத்தின் மேல்தான் அவன் இன்றுவரை நின்றுகொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

அதனால் அவனுடையதை அவள் தொடவில்லை. தன்னுடையதைத் திறந்து, எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள்.

நட்சத்திரக் குறி போட்ட ஆட்டங்களை மட்டும் விட்டுவைக்கவா என்று அது கேட்டது. அவள் எந்தக் காலத்தில் எதற்குக் குறி போட்டாள்? சரி என்று அழுத்திவிட்டாள்.

அழித்த பிறகும் இடம் வரவில்லை. இந்த டேட்டாபேஸ்களுக்கு இது ஒரு வியாதி. ஆள் காலி செய்துபோன அறையைக்கூடப் பூட்டியே வைத்திருக்கும். ஒடுங்கிக்கொள் என்று தனியாகச் சொன்னால்தான் திருப்பித் தரும். அதையும் சொல்லிவிட்டு, காதைச் சமையலறைப் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அங்கே கதை பாதியைத் தாண்டியிருந்தது. வான்-ரூ ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கியிருந்தாள். நல்ல பெண், இந்த வீட்டில் பிழைத்துக்கொள்வாள்.

ஒடுங்கி முடிந்தது. இடம் தாராளமாக வந்துவிட்டது.

மிச்சமுள்ள ஆட்டங்கள் ஒன்று என்று திரை சொன்னது.

ஏதோ கோளாறு என்று நினைத்துத் திறந்தாள். இரண்டு ராஜா. நடுவில் இன்னொரு ராஜா. மூலையில் மஞ்சள் நட்சத்திரம், பக்கத்திலேயே குறி போட்ட தேதி.

பழைய கணினியில் இருப்பதையெல்லாம் பத்திரமாக மாற்றித் தருகிறேன் என்று டிங்-யாவ் அவள் வீட்டிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு போன வாரம் அது. அடுத்த வாரம்தான் கல்யாணம் கேட்டு மோதிரத்தோடு வந்து நின்றான்.

தான் போடாத அந்த நட்சத்திரத்தின் மேல் ஸு-லின் விரலை வைத்தாள்.

"அது சரிண்ணா, அண்ணி கையில என்னதான் இருந்துச்சு?" என்றாள் வான்-ரூ.

குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"சின்ன ஜோடின்னு சொன்னா," என்றான் டிங்-யாவ். "அவ சொன்னா நான் நம்பிடுவேன்மா."