தொடக்கூடாத கம்ப்யூட்டர்

"ஏங் கண்ணு, ஒரு சுவடும் இருக்காதா? எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சுதுன்னா, ஊட்டையே ரெண்டாக்கிப் போடுவாரு!"

கொழிஞ்சாம்பாறை கடைவீதி கம்ப்யூட்டர் சென்டரில் வனிதா இப்படிக் கேட்டதும், அதை நடத்தும் தமிழ்ப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னும் பதினைந்து நாளில் பால் சொசைட்டி கிளார்க் வேலைக்குப் பரீட்சை. லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் சிஸ்டத்தில் ஒரு கடிதம் அடித்துக் காட்ட வேண்டும். நாற்பத்தைந்து வயதில் வனிதாவுக்கு முதன்முதலாக வந்த ஆசை, ஒரு வேலை.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமலா? மகன் சிவப்பிரகாஷ் பெங்களூர் போகும்போது விட்டுப் போனது இருக்கிறது. ஆனால் அவள் கணவர் கருப்புசாமி அதற்குக் குங்குமம் வைத்து, துணி போட்டு மூடி, ஓர் ஈயைக்கூட அண்ட விடமாட்டார். "பையன் சாமான். தொட்டுக் கெட்டுப் போச்சுன்னா ஆரு பதில் சொல்றது?" என்பார். மகன் போன் செய்தால், "உன்ற பொட்டி பத்திரமா இருக்குதுடா" என்பதுதான் அவருடைய முதல் பேச்சு.

தமிழ்ப்ரியா ஒரு பென் டிரைவை நீட்டினாள்.

"முழு லினக்ஸும் இந்தக் குச்சிக்குள்ள இருக்குதுங்க அக்கா. சொருகிட்டு ஆன் பண்ணுங்க. ஹார்டு டிஸ்க்குல இருக்கற பழைய சிஸ்டம் வந்துச்சுன்னா, மறுபடி ஆன் பண்றப்ப எஃப் பன்னெண்டு பட்டனை அமுத்துங்க. 'இன்ஸ்டால்' வேண்டாம், 'ட்ரை' போதும். ஹார்டு டிஸ்க்கை இது எட்டிக்கூடப் பாக்காது. ஆஃப் பண்ணுனா நீங்க அடிச்சதெல்லாம் மாயம்!"

"வெல எவ்வளவு கண்ணு?"

"லினக்ஸுக்கு வெலையே இல்லீங்க. ஆரு வேணும்னாலும் காப்பி எடுத்து அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். நான் படிச்ச பள்ளிக்கூடத்துலயே இதுதான். மெனுவைத் தமிழ்ல மாத்திக்கலாம். லெட்டர் அடிக்கறது, படம் வரையறது எல்லாம் உள்ளயே இருக்குதுங்க."

அடுத்த வாரம் வந்த வனிதாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"அவரு தோப்புக்குத் தண்ணி கட்டப் போனதும் ஆரம்பிச்சுருவேன். அடிச்சது தெனமும் அழிஞ்சுருது. போகட்டும், கோலம் தெனமும் புதுசாத்தான போடறோம்! ஆனா கண்ணு, நீ சொன்ன எஃப் பன்னெண்டு ஒரு நாளும் தேவைப்படல. நேரா இதேதான் வருது."

"அதிர்ஷ்டக்காரிங்க நீங்க!"

அந்த அதிர்ஷ்டம் பரீட்சைக்கு முந்தின நாள் அவள் காலை வாரிவிட்டது. மோட்டார் மக்கர் பண்ணியதால் கருப்புசாமி பாதியிலேயே வீடு திரும்பிவிட்டார்.

கடிதத்தில் 'இப்படிக்கு' வரை வந்திருந்த வனிதா, வாசலில் அவரைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"ஏனுங்க... சத்தியமா எதையும் கெடுக்கலீங்க! பரீட்சைக்குப் போகாதன்னு மட்டும் சொல்லிப் போடாதீங்க!" அழுகையே வந்துவிட்டது.

கருப்புசாமி திட்டவில்லை. திறந்த வாய் மூடாமல் திரையையே பார்த்தார். கிட்டே வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தார்.

"இது... ஓடுதா புள்ள?"

"ஓடுதுங்களே! ஏனுங்க?"

"நாளைக்கு நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன். சிவாகிட்ட மட்டும் சொல்லிப் போடாத தாயி!" அவர் குரல் கெஞ்சியது. "போன ஆயுத பூசைக்கு, மோட்டாரு டிராக்டருக்கெல்லாம் செய்யற மாதிரி இதையும் பிரிச்சுத் தொடைச்சேன். ஹார்டு டிஸ்க்கு சுத்தற சாமானாச்சேன்னு தெறந்து ரெண்டு சொட்டு எண்ணெய் உட்டேன்... அது செத்துப் போயி, ஒரு வருசமா நெல்லு மூட்டைக்கு அடியில கெடக்குது!"